இறால்களின் சம்மதம்

வாவியில் வாழும் இறால்களின் கருத்தைக் கேட்டறிந்த பிறகுதான் முகத்துவாரத்தை வெட்டவேண்டும் என்று அரசாங்கத் தாளில், அரசாங்கத் தட்டச்சு இயந்திரத்தில், ஒன்பது படிகள் அடித்து அனுப்பிய முட்டாள் நான்தான். வேறு யாரையும் சந்தேகிக்க வேண்டாம். அன்றைக்கு நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. யாரும் என் பிடரியில் துவக்கு வைத்திருக்கவும் இல்லை. அந்தச் சண்டை வருடங்களில் இந்த மூன்றாவது காரணத்தைச் சொன்னால் எதையும் மன்னித்துவிடுவார்கள். அதனால்தான் அது இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் அரசாங்கக் கந்தோரில் நான் ஓர் எழுதுவினைஞன். மாதம் ஒருமுறை கூடும் வாவி ஆலோசனைக் குழுவுக்குக் கூட்டறிக்கை எழுதுவது என் வேலை. அந்தக் குழு ஏன் இருந்தது என்பதைச் சொல்ல, மணலில் இருந்து தொடங்கவேண்டும்.

கோடையில் கடல், முகத்துவாரம் என்கிற வாவியின் வாயில் மணலைக் கொண்டுவந்து போட்டு அடைத்துவிடும். மாரி பிறந்ததும் மழைத் தண்ணீர் முழுவதும் வாவிக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களில் ஏறும். வாயை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குப் போகும். நான்கு பேர் மண்வெட்டியோடு போய் ஒரு முழ அகலத்தில் கீறிவிட்டால் போதும். மிச்சத்தை ஆறே பார்த்துக்கொள்ளும், வாவியை எங்கள் ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம். மனிதர் செய்யும் வேலை ஒரு காலைப்பொழுதுக்கு உரியது.

ஆனால் அந்தத் தண்ணீர் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குச் சொந்தம். தண்ணீருக்குள் நீந்துவதெல்லாம் மீன்பிடிக்குச் சொந்தம். அடைத்துக் கிடக்கும் மணல் கரையோரத்தைப் பார்ப்பவர்களுக்கு. தண்ணீருக்குள் மூழ்கும் நெல் விவசாயம் பார்க்கும் கமநலத்துக்கு, மூழ்கும் தெரு வீதிக்காரருக்கு. அந்த மணலில் கால் வைப்பதற்கான அனுமதி துவக்கோடு நிற்கும் ஆமிக்கு. இவர்கள் ஒவ்வொருவருக்கும் கொழும்பில் தனித்தனி அமைச்சு இருந்தது. அந்த அமைச்சுகள் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசியதாக எங்களுக்குத் தகவல் இல்லை. ஆகவே எங்கள் ஊரில் ஒரு நீள மேசையைப் போட்டு, எல்லோரையும் சுற்றி உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பால் விடாத பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துப் பேசவைத்தார்கள். அதுதான் குழு. பகிடி பண்ணுகிறேன் என்று நினைக்கவேண்டாம். சண்டைக்காலத்தில், ஒரே தண்ணீரைப் பற்றி ஒரே மேசையில் ஏழு எட்டுப் பேர் சத்தம் போட்டுப் பேசிவிட்டு, உயிரோடு வீட்டுக்குப் போகக்கூடிய இடம் வேறு அதிகம் இருக்கவில்லை.

கூட்டறிக்கையில் இரண்டு பக்கம் உண்டு. இடப்பக்கத்தில் என்ன தீர்மானம் என்று இருக்கும். வலப்பக்கத்தில் ஒரு ஒடுக்கமான நிரல், தலைப்பு 'நடவடிக்கை'. அந்தத் தீர்மானத்தை யார் நிறைவேற்றவேண்டும் என்று அதில் எழுதுவேன். பல வருடம் அந்த மேசையின் ஓரத்தில் இருந்து நான் கண்டுபிடித்த ஒரே விஞ்ஞான உண்மை இதுதான்: எந்த அதிகாரியும் வலப்பக்கத்தில் தன் பெயரைத்தான் தேடுவார். பெயர் இல்லையென்றால் பெருமூச்சு விட்டு அறிக்கையை மூடிவிடுவார். இடப்பக்கத்தை வாசிக்க இந்த உலகத்தில் ஒருவர்கூட இல்லை என்று நான் நம்பினேன்.

அந்த ஐப்பசியில் மழையே இல்லை. கூட்டத்தில் மீன்பிடி அதிகாரி தன் வழக்கமான முறைப்பாட்டைச் சொன்னார். அவர் ஏறாவூர்ப் பக்கத்தவர். ஓய்வுக்குக் கிட்ட வந்த மனிதர். எப்போதும் வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மீன் அளக்கும் ஒரு மர அடிமட்டம்.

"முந்தி வெட்டினா இறால் வளராமலே கடலுக்கு ஓடிரும். நம்மட ஆக்களுக்கு வலையில தண்ணிதான் மிஞ்சும். இறாலையும் கொஞ்சம் யோசிங்க சேர்" என்றார்.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் சிரித்தார். "அப்ப அடுத்த கூட்டத்துக்கு இறாலையும் கூப்பிடுவமா? குந்த எத்தின கதிரை போடுற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் சிரித்துவிட்டு எழுந்து போனார்கள். நான் சிரித்துக்கொண்டே தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

'நான்காவது விடயம்: முகத்துவாரம் வெட்டுதல். இறால்களின் கருத்து கேட்டறியப்பட்டு, அவற்றுக்கு ஆட்சேபனை இல்லை என்பது உறுதிப்படுத்தப்பட்ட பின்னரே முகத்துவாரம் வெட்டப்படும். நடவடிக்கை: மீன்பிடி.'

யாராவது கண்டுபிடித்தால் மன்னிப்புக் கேட்டுத் திருத்துவது, கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த கூட்டத்தில் பிளேன்ரீ நேரம் நானே வாசித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பது என்பது என் திட்டம். அடுத்த கூட்டம் வந்தது. சென்ற கூட்டத்தின் அறிக்கை சரி என்று முன்மொழிந்தவர், கதிரை எத்தனை என்று கேட்ட அதே பொறியியலாளர். வழிமொழிந்தவர் வீதிக்காரர். பிளேன்ரீ வருவதற்குள் பாலத்துக்கு அங்கால் பெரிதாக ஏதோ வெடித்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. கூட்டம் கலைந்தது என்று சொல்வது மரியாதை, ஓடியது. என் பகிடி, எல்லோரும் கையொப்பமிட்ட அரசாங்கத் தீர்மானமாகக் கூட்டறிக்கைக் கோவைக்குள் போய் உறங்கியது. அதற்குப் பிறகு வந்த பிரச்சினைகளில் நானும் அதை மறந்துபோனேன்.

மழை மார்கழியில் தொடங்கியது. தொடங்கியபின் நிற்கவில்லை.

வயல்காரி அக்கா ஒருவர் முதன்முதல் எங்கள் கந்தோருக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. நாற்பது வயதிருக்கும். படுவான்கரையில் இருந்து, வாவியைக் கடத்திவிடும் 'பாதை' என்கிற மிதவையில் ஏறி, இரண்டு கரையிலும் சோதனைக்கு நின்று வந்திருந்தார். சீலைக் கரை முழங்கால்வரை சேறு. சொப்பிங் பை ஒன்றுக்குள் ஈரத்துணி. துணிக்குள் ஒரு நெற்பயிர், வேரோடு. அதை எடுத்து என் மேசையில், என் கோவையின்மேல் வைத்தார்.

"தம்பி, ஆத்துவாய எப்ப வெட்டுற?"

"அது குழு தீர்மானிக்கும் அக்கா."

"குழு எங்க இரிக்காரு? நான் போய்க் கேக்கன்."

"குழு ஒரு ஆள் இல்லக்கா. அது கூடும்."

"எப்ப கூடும்?"

"அடுத்த மாசம்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு பயிரைப் பார்த்தார். "நீங்களே இதுக்கிட்டச் சொல்லிருங்க."

மூன்று ஏக்கர் வயல். வீட்டுக்காரர் இல்லை என்று மட்டும் சொன்னார். அந்த வருடங்களில் அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. தன் கையால் விதைத்த நெல். பயிர் குடலைக்கு வந்திருந்தது. அதாவது கதிர் இன்னும் தண்டுக்குள் ஒளிந்திருக்கும் பருவம். தண்ணீர் அதன் தலைக்கு மேலே சில நாள் நின்றால் கதிர் உள்ளேயே அழுகிவிடும். வாய் வெட்டினால் வயல் இருக்கும். வெட்டாவிட்டால் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு அடுத்த மாரிவரை சோறு இல்லை. இவ்வளவையும் அவர் அழாமல், ஒரு விலாசம் சொல்வதுபோலச் சொன்னார்.

மறுநாளும் வந்தார். மேசையில் இன்னொரு பயிர். முதல்நாள் பயிரைவிட மஞ்சள். "நேத்து முழங்கால்தான். இண்டைக்கு இடுப்பு" என்றார். மூன்றாம் நாளும் வந்தார். நான் அவருடைய பயிர்களை ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் விட்டு நட்டு வைத்திருந்தேன்.

"அதுக்குத் தண்ணி காணாது எண்டா நான் வந்த?" என்று கேட்டார்.

நான் பொறியியலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஐசே, என்ர பேர் நடவடிக்கையில இல்லையே" என்றார் அவர். "நாலாவது விடயத்தப் பாரும். மீன்பிடி முடிச்சாத்தான் நான் ஆள் அனுப்பலாம். நான்தானே முன்மொழிஞ்ச, எனக்குத் தெரியாதா?" ஆமி முகாமின் தொடர்பு அதிகாரியும் அதையேதான் சொன்னார்: தன்னிடம் உள்ள கூட்டறிக்கைப் படியின்படி மீன்பிடியின் கடிதம் முதலில் வரவேண்டும், பிறகுதான் மண்வெட்டிக்காரருக்குப் பாஸ்.

என்ன நாலாவது விடயம் என்று கோவையைத் திறந்தேன். என் சொந்த வசனம், என் சொந்த இயந்திரத்தின் கால் உடைந்த எழுத்துகளில், என்னைப் பார்த்தது. மேசைக்கு முன்னால் கிடந்த மர வாங்கில் அந்த அக்கா குந்தியிருந்து சீலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். 

குழுவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் கந்தோர்ப் பெரியவரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குழு ஏற்றுக்கொண்ட தீர்மானத்தைக் குழுதான் மாற்றலாம் என்பது விதி. தெருக்கள் வெள்ளத்தில் கிடக்க உறுப்பினர்களைக் கூட்ட முடியாது என்பதும் உண்மை. இந்த இரண்டு காரணத்தையும் நான் அன்றைக்கு எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்றாவது காரணம், வேலை போய்விடுமென்ற பயம். அதை இப்போதுதான் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் பயிரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மழையில் சைக்கிள் மிதித்து மீன்பிடி அதிகாரியிடம் போனேன். நனைந்த கோழிபோல அவர் முன்னால் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்தார். மேசை லாச்சியைத் திறந்து கூட்டறிக்கையை எடுத்தார். நாலாவது விடயத்தின் கீழே சிவப்பு மையில், அடிமட்டம் வைத்து நேராகக் கோடு இழுத்திருந்தது.

"நான் இடப்பக்கத்தையும் வாசிக்கிற ஆள் தம்பி" என்றார்.

"சேர், அப்ப ஏன் சொல்லல்ல?"

"வாசிச்சிச் சிரிச்சன். மறுகா யோசிச்சன். இத்தின வருசத்தில இறாலப் பிடிக்கச் சொல்லிக் கடிதம் வந்திரிக்கி, எண்ணச் சொல்லி வந்திரிக்கி, பெரியாக்களுக்குப் பெட்டியில போட்டு அனுப்பச் சொல்லியும் வந்திரிக்கி. கேக்கச் சொல்லி வந்தது இது ஒண்டுதான். விட மனமில்ல." லாச்சிக்குள் இருந்து இன்னொரு கடதாசியை எடுத்தார். "ரெண்டு கிழமையா நம்மட ஆக்கள ஆத்தில இறங்க விடல்ல. உங்கட நாலாவது விடயத்தக் காட்டித்தான் நான் பாஸ் கேட்ட. ஒரு தோணி, நாலு பேர், ஒரு நாள். நேத்துத்தான் வந்த. உங்கட பகிடி எடுத்துத் தந்த பாஸ் இது."

 அவர் வெளியே மழையைப் பார்த்தார்.

"பத்து நாள் கழிச்சுப் போனா இறாலுக்கு நல்லம். அதுதான் வச்சிக்கிட்டு இரிக்கன். நான் இறால்ட பக்கத்து ஆள்தானே."

நான் சட்டைப் பையில் இருந்த பயிரை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். அது சைக்கிளில் கசங்கி, பாதி முறிந்திருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"குடலைக்கு வந்திட்டே" என்றார் மெதுவாக. "ஆர்ர வயல்?"

சொன்னேன். இடுப்புத் தண்ணீரைச் சொன்னேன், மூன்று பிள்ளைகளைச் சொன்னேன். அவர் அடிமட்டத்தை எடுத்துப் பயிரின் பக்கத்தில் வைத்து, அளக்காமலே திரும்ப எடுத்துப் பையில் போட்டார்.

"சரி. நாளைக்கு வெள்ளண போய்க் கேப்பம்."

"ஆர்ட்ட சேர்?"

"வேற ஆர்ட்ட? தீர்மானத்தில என்ன எழுதினீங்களோ அவங்ககிட்டத்தான்."

விடிந்ததும் துறைக்குப் போனேன். தோணியில் அதிகாரி ஏற்கெனவே ஏறியிருந்தார். வீச்சுவலையோடு மீனவர் ஒருவர். முதற்பாதையில் வந்து இறங்கிய அக்காவும் நின்றார். நாங்கள் எங்கே போகிறோம் என்று மீனவர் அவருக்குச் சொல்லிவிட்டார் போலும்.

"நானும் வாறன்."

"இது அரசாங்க ஆய்வு அக்கா."

"நெல்லு மட்டும் என்ன, உங்கட கந்தோர் முத்தத்திலயா விளைஞ்ச?"

அதிகாரி பாஸை விரித்து, நாலாவது ஆளின் இடத்தில் 'ஆய்வு உதவியாளர்' என்று எழுதினார். "ஏறுங்க தங்கச்சி."

துறைக் காவலரணில் ஒரு சின்ன வயதுச் சிப்பாய் பாஸை வாங்கினான். அதன் சிங்கள மொழிபெயர்ப்பை வாசித்தான். திரும்பவும் வாசித்தான். எங்கள் முகங்களைப் பார்த்தான். அதிகாரி சிங்களத்தில் ஏதோ சொல்ல, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான். சொப்பிங் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே அன்றைய பயிர். அதை வெளியே எடுத்தவன், துவக்கைத் தோளில் தள்ளிவிட்டு, பெருவிரல் நகத்தால் தண்டை மெல்லக் கீறிப் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளைக் கதிரைப் பார்த்தான். பிறகு அதைப் பழையபடி துணிக்குள் சுற்றி, இரண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்தான்.

தோணி தள்ளியபின் அக்கா திரும்பிப் பார்த்தார். "இவனும் வயக்காரன்ட புள்ளதான்" என்றார்.

மழை விட்டிருந்தது. மீனவர் மூன்றுமுறை வலை வீசினார். இரண்டு கிழமைக்குப் பிறகு வலையைத் தொட்ட அந்த மனிதர், ஒவ்வொருமுறையும் வேண்டியதைவிடக் கொஞ்சம் அழகாகவே வீசினார் என்று எனக்குப் பட்டது. இறால்கள் தோணிக்குள் துள்ளின. அதிகாரி முழங்காலிட்டு, ஒவ்வொன்றாக அடிமட்டத்தில் வைத்து அளந்து சொன்னார், நான் எழுதினேன். பகிடி இல்லை, உண்மையாகவே அளந்தார். பாதிக்கு மேல் நன்றாக வளர்ந்திருந்தன. சின்னதுகளும் இருந்தன. அவற்றைப் பார்த்தபோது அவர் முகம் சுருங்கியதை நான் கண்டேன்.

சின்ன இறால் ஒன்றை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். "நீங்க கேளுங்க தங்கச்சி. உங்கட விசயம்தானே."

அக்கா முதலில் சிரிக்கப்போனார். பிறகு சிரிக்கவில்லை. கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"உனக்குக் கடல் இரிக்கி புள்ள" என்றார். "எனக்கு அந்த வயல் மட்டும்தான். போறியா?"

இறால் ஒரு வளைவு வளைந்து, கையில் இருந்து துள்ளித் தண்ணீருக்குள் விழுந்தது.

 அதிகாரி அடிமட்டத்தைத் துடைத்துப் பையில் போட்டார். "எழுதுங்க தம்பி. ஆட்சேபனை இல்லை."

அன்று மதியத்துக்குள் ஒன்பது படிகள் அடித்தேன். அதைப்போலப் பிழையில்லாமல் என் வாழ்நாளில் ஒன்றும் அடித்ததில்லை. நாலாவது விடயம் நிறைவேறியது என்ற கடிதத்தைக் கண்டதும் பொறியியலாளர் ஆள் அனுப்பினார். ஆமி பாஸ் கொடுத்தது. மறுநாள் காலை நான்கு பேர் மண்வெட்டியோடு போனார்கள். நானும் போய்ப் பார்த்தேன். கீறிய இடத்தில் தண்ணீர் முதலில் ஒரு ஓணானின் வால் அளவுக்குத் தயங்கித் தயங்கிப் போனது. மதியம் பார்த்தபோது அந்த இடத்தில் ஒரு லொறி போகலாம். அக்கா வரவில்லை. அவர் தன் வரம்பில் நின்று, தண்ணீர் இடுப்பில் இருந்து முழங்காலுக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

அடுத்த கூட்டத்தில் சென்ற அறிக்கையை எடுத்தபோது, இனி நாலாவது விடயத்தை நீக்கிவிடலாமா என்று பெரியவர் கேட்டார். "வேணாம் சேர், கிடக்கட்டும்" என்றார் மீன்பிடி அதிகாரி. "ஆனா இறாலோட நெல்லையும் சேர்த்துக்கொள்ளுங்க. வயல் வட்டையில இருந்து ஒருத்தர், ஆத்தில இருந்து ஒருத்தர். ரெண்டு கதிரைதானே." பொறியியலாளர் அறிக்கையை மூடினார். அவருடைய பெயர் வலப்பக்கத்தில் இல்லை. நான் குனிந்து எழுதினேன். அந்தமுறை ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அறுவடை முடிந்த பிறகு ஒருநாள் காலை அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். "தங்கச்சி புது அரிசி கொண்டுவந்து தந்திட்டுப் போறா. ஒரு கல்லில்ல தம்பி, ஒரு உமியில்ல. முத்து மாதிரிக் கிடக்கு. உங்கட பக்கம்தான் வாறா."

அரைமணி நேரத்தில் அக்கா வந்தார். அதே சொப்பிங் பை, உள்ளே எனக்குப் புது அரிசி. அதை என் கோவையின்மேல் வைத்தார். வயல் என்னாயிற்று என்று கேட்டேன். மேட்டில் இருந்த இரண்டு ஏக்கர் தப்பியது. பள்ளத்து ஏக்கர் உள்ளேயே அழுகிப்போனது என்றார். ரெண்டு நாள் முந்தி வெட்டியிருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார்.

அந்த இரண்டு நாளும் எங்கே போனதென்று எனக்குத் தெரியும். எப்படியும் ஆமி தாமதித்திருக்கும், எப்படியும் பொறியியலாளர் இழுத்திருப்பார் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த ஆறுதல், அந்தப் பையின் முன்னால் நிற்கவில்லை. கண்ணாடிக் குவளையில் இரண்டு காய்ந்த தண்டுகளும் அப்படியே இருந்தன. எறிய எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா" என்றேன், "அந்த இறால் கதைய எழுதினது நான்தான். பகிடிக்கு எழுதின. அதாலதான் சுணங்கின."

அவர் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"தெரியும். அதுதான் உங்கட அரிசியில கல்லுக் கிடக்கும், நீங்களே இருந்து பொறுக்குங்க."